சப்ஜெயிலுக்குப் போன பூ

முத்துப்பேச்சியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவள் சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கிணற்றிலிருந்து தூக்கிய ஈரத்தோடேயே ஒருத்தியை இழுத்து வந்திருக்கிறார்களே, மாற்றுச் சேலை ஒன்று கொடுக்க நாதியில்லையா என்று மொக்கம்மாள் அந்தப் போலீஸ்காரர்களை மனதுக்குள் வைதாள். வெளியே வைதால் கிடைத்த வேலை போய்விடும். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இவள் கிணற்றில் குதித்து மூன்று நாளாகிவிட்டது. வைகாசி வெயிலில் பாறையே பொரிகிறது, சேலை காயாமலா இருக்கும்? சோதனை போடுவதற்காகக் கிட்டப் போனதும் புளித்த பால் வாடை அடித்தது. மொக்கம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

குதித்தபோது இடுப்பில் ஐந்து மாத ஆண்பிள்ளை இருந்தான். பக்கத்துப் புஞ்சையில் மிளகாய்ப்பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து இவளை முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பிள்ளையைத் தூக்குகையில் நேரமாகிவிட்டது. புருஷன் சுருளியாண்டி மேகமலையில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்ப் பிள்ளை பிறந்ததற்கு ஒரு தரம் இறங்கி வந்தவன், பிள்ளையைப் புதைக்க மறு தரம் இறங்கி வந்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. ஏன் குதித்தாள் என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனிலும் சொல்லவில்லை, மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லவில்லை.

தாலுகாக் கச்சேரிக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சப்ஜெயிலுக்குப் பெண் கைதி வருவது ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம். அதனால் பெண் வார்டர் என்று நிரந்தரமாக யாரும் கிடையாது. கைதி வந்தால் மொக்கம்மாளுக்கு ஆள் போகும். களைக்கொத்தை வரப்பில் போட்டுவிட்டு, இடுப்பில் சொருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் வருவாள். கைதி இருக்கிற மட்டும் தினக்கூலி. கைதி மதுரைப் பெரிய ஜெயிலுக்குப் போய்விட்டால் மறுபடியும் களைக்கொத்து. காங்கிரஸ் மந்திரிசபை வந்து ஒரு வருஷமாகப் போகிறது, ஜெயில்களெல்லாம் இனி வேறுமாதிரி ஆகிவிடும் என்று கச்சேரிப் பியூன்கள் பேசிக்கொண்டார்கள். மொக்கம்மாள் கண்ணுக்குத் தெரிந்து கதவுக்குத் தார் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஏட்டு சீனிச்சாமி கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு முந்தின ஏட்டு காலத்தில் இதே அறையில் ஒருத்தி சேலைக்கரையைக் கிழித்து ஜன்னல் கம்பியில் மாட்டித் தொங்கிவிட்டாள். அந்த ஏட்டுக்கு வேலை போயிற்று. காவலுக்கு இருந்த பெண்ணுக்கு வேலையோடு பேரும் போயிற்று. அவர் இடத்துக்குச் சீனிச்சாமியும் அவள் இடத்துக்கு மொக்கம்மாளும் வந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; சீனிச்சாமி கண்ணுக்கு நீண்டதெல்லாம் கயிறு. முத்துப்பேச்சியின் கொண்டையில் இருந்த நாடாவை அவிழ்க்கச் சொன்னார். சேலையைப் பாதியாகக் கிழித்து ஒரு பாதியை மட்டும் கட்டிவிடச் சொன்னார். தாலிக்கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது ஒரு முழங்கூட வராது. இருக்கட்டும்” என்றார்.

இருந்தது ஒரே ஒரு பெண்கள் அறை. அதில் ஏற்கெனவே பஞ்சம்மாள் இருந்தாள். ரிசர்வ் காட்டில் விறகு வெட்டிப் பிடிபட்டு, அபராதம் கட்ட வக்கில்லாமல் உள்ளே இருக்க வந்தவள். அவளிடம் ஒரு கைக்குழந்தை, பெண். முத்துப்பேச்சி யார், என்ன செய்தாள் என்று தெரிந்ததும் பஞ்சம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

“ஏட்டையா, என்னைய வேற எங்கனயாச்சும் போடுங்க. பெத்ததையே கிணத்துல போட்டவ. என் பிள்ளைய விட்டு வப்பாளா?”

“வேற எங்கன போட? ஆம்பளக் கொட்டடிலயா?” என்றார் சீனிச்சாமி. “மொக்கம்மா நடுவுல இருப்பா. கண்ண மூட மாட்டா.”

அப்படியே ஆயிற்று. இந்தச் சுவர் ஓரம் பஞ்சம்மாள், அந்தச் சுவர் ஓரம் முத்துப்பேச்சி, நடுவில் கோரைப்பாயைப் போட்டுக் கால் நீட்டி மொக்கம்மாள். நல்ல பிழைப்புத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருத்தியை அவளிடமிருந்தே காக்க வேண்டும். இன்னொருத்தியின் பிள்ளையை இவளிடமிருந்து காக்க வேண்டும். இருக்கிற கண் இரண்டுதான்.

குழந்தைக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. அதற்குப் பசித்தால் அழுதது. அது அழத் தொடங்கியதும் முத்துப்பேச்சி சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் மார்பை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அப்படியும் விரலிடுக்கில் பால் கசிந்து முழங்கை வழியாகத் தரையில் சொட்டும். வேறொருத்தி பெற்ற பிள்ளை என்று அந்த உடம்புக்குத் தெரியவில்லை. பஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அழுகிற பிள்ளையின் வாயில் அவசர அவசரமாக முலையைத் திணிப்பாள். அவள் பயத்தினால் திணித்தாளா, பாவம் பார்த்துத் திணித்தாளா என்று மொக்கம்மாளுக்குப் பிடிபடவில்லை. முதல் நாள் பயம்தான் இருந்திருக்கும்.

மறுநாள் முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கஞ்சியைத் தொடவில்லை. மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. சீனிச்சாமி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி டாக்டர் வைகுண்டராஜை வரவழைத்தார். செத்த பிள்ளையை மேஜையில் கிடத்திப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவரும் அவர்தான். அதனாலோ என்னவோ, முத்துப்பேச்சியின் நாடியைப் பிடித்தபோது அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால வத்த வைக்கணும். இல்லேன்னா சீழ் வச்சு, கத்தி வைக்கிற மாதிரி ஆயிரும்” என்றார் வெளியே வந்து. “மல்லிகைப்பூவ வச்சு இறுக்கிக் கட்டுங்க. நாலஞ்சு நாள்ல அடங்கிரும். எங்கிட்டப் பிளாஸ்திரி இருக்கு, ஆனா அது பூவ விட ஒண்ணும் ஒசத்தி இல்ல. எங்க வீட்லயும் பூதான். அப்புறம், இந்தப் பொண்ணத் தனியா விடாதீங்க. அது பேசாட்டியும் யாராவது பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. பிள்ள பெத்த உடம்புல சிலருக்கு மனசு இப்பிடி இருட்டிப் போகும். திரும்ப வெளுக்கும். அது வரைக்கும் உசுரோட இருக்கணும்.”

“உசுரோட இருக்கணும்னுதேன் நானும் பாக்கேன் டாக்டரய்யா. இறுக்கிக் கட்ட எத்தன முழம் துணி வேணும்?”

“நாலு முழம் வேணும்.”

“நாலு முழம் போதும், ஆள் தொங்குறதுக்கு” என்றார் சீனிச்சாமி.

டாக்டருக்கும் பழைய கதை தெரியும். அந்த உடம்பையும் அவர்தான் மேஜையில் கிடத்திப் பார்த்தவர்.

அன்று பொழுது முழுக்கச் சீனிச்சாமி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மறுநாள் காலையில் கதவுக்கு வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. துணியைக் கட்டினால்தானே அவிழ்க்க முடியும்? தைத்துவிட்டால்? உடம்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கமாக ஒரு ரவிக்கை, முன்னால் கொக்கி. அதைக் கிழித்தால்கூட முழத்துண்டு தேறாது. மொக்கம்மாளுக்கு ஏட்டின் புத்தி பிடித்திருந்தது. தானே போய்க் கடைத்தெருத் தையல்காரனிடம் அளவு சொல்லித் தைத்து வாங்கி வந்தாள். அவனிடம் மிச்சம் கிடந்தது சிவப்புச் சீட்டித்துணி. அந்தப் பக்கத்துச் சம்சாரிப் பெண்கள் ரவிக்கை போடுவது கலியாணத்தன்று, அதோடு சரி. அப்போது யாரும் அதை யோசிக்கவில்லை.

பூவுக்கும் சீனிச்சாமி ஒரு சட்டம் வைத்தார். நாரில் தொடுத்த சரம் உள்ளே வரக்கூடாது. உதிரிப்பூவாகத்தான் வர வேண்டும். சந்தைப்பேட்டையில் பூ விற்கிற சங்கிலியம்மாள், “உதிரியாவா? யாருக்குத்தா?” என்று கேட்டாள். “உள்ள இருக்கிறவளுக்குத்தேன்” என்று சொல்லிவிட்டு, மடி நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள் மொக்கம்மாள். மார்பில் வைத்துக் கட்டுவதற்கு என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆண்பிள்ளைகள் சுற்றி நிற்கிற கடையில் அதை எப்படிச் சொல்வது?

பூவை வைத்துக் கொக்கியை மாட்டப் போனபோது முத்துப்பேச்சி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“வத்த விடாதீக.”

“என்னாத்தா?”

“வத்த விடாதீக.”

மொக்கம்மாள் அதை வேதனையில் வருகிற பிதற்றல் என்றுதான் எடுத்துக்கொண்டாள். இல்லையென்றால், தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறாள், வலி இருக்கட்டும் என்று நினைக்கிறாள். எப்படியானாலும் டாக்டர் சொன்னது சொன்னதுதான். அவள் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கொக்கிகளை மாட்டினாள். பிடிக்கப் பிடிக்க அந்தக் கைகள் தளர்ந்துபோயின. அப்படித் தளர்ந்ததுதான் மொக்கம்மாளுக்கு என்னவோ போல் இருந்தது. சண்டை போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். காலையில் புதுப்பூ வைத்தால், மொக்கம்மாள் தண்ணீர் குடிக்கத் திரும்புகிற நேரத்தில் முத்துப்பேச்சி ரவிக்கைக்குள் விரலை விட்டுப் பூவைத் தோண்டி எடுத்துப் போட்டுவிடுவாள். மொக்கம்மாள் வைதுகொண்டே பொறுக்கி மறுபடி வைப்பாள். டாக்டர் சொன்னபடி பேச்சும் கொடுத்தாள். அவளுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அவள் தெருவில் அம்மாவாசி என்கிறவனின் கிடாய் காணாமல் போனது, அதை எதிர்வீட்டுக்காரன்தான் அறுத்துத் தின்றான் என்று தெரிந்தும் அவனிடமே போய்க் குறி கேட்டது, குறி சொன்னவன் ஏப்பம் விட்டது எல்லாம் சொன்னாள். பஞ்சம்மாள் மூலையிலிருந்து சிரித்தாள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கியது. மார்பு இளகியது. வலதுபக்கம் சுத்தமாகவே வற்றிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, நல்லது என்றார். சீனிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். கஞ்சி மட்டும் இறங்கவில்லை. நாலு வாய் ஊட்டினால் இரண்டு வாய் வெளியே வந்தது. ஆள் நாளுக்கு நாள் ஓடாகிக்கொண்டிருந்தாள். தூக்கில் தொங்கத்தான் கயிறு வேண்டும், சாப்பிடாமல் கிடந்து போக ஒன்றும் வேண்டாம் என்பது மொக்கம்மாளுக்குத் தெரிந்திருந்தது. சீனிச்சாமிக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். கஞ்சிச்சட்டி திரும்பி வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போன மொக்கம்மாளைப் பார்த்து ஒருத்தி, “என்னத்தா, பொண்ணுக்கு இன்னைக்கி எத்தன படி பூ?” என்றாள். இன்னொருத்தி, “செவப்பு ரவிக்க தச்சாச்சு, மஞ்சள் அரைச்சாச்சா?” என்றாள். எல்லோரும் சிரிக்கவும் இல்லை. சிலர் காறித் துப்பினார்கள். பிள்ளையைக் கொன்றவளைச் சர்க்கார் பூ வைத்து, ரவிக்கை போட்டு அழகு பார்க்கிறது. ஏட்டுக்கு அவள் மேல் ஒரு கண் என்று பேச்சு அடுத்த படிக்குப் போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மொக்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லத்தான் பார்த்தாள். சொல்லச் சொல்ல, “ஆமாத்தா, ஆமா” என்று தலையாட்டினார்கள். அவர்கள் நம்பவில்லை. பேச்சு அவள் ஊர் இருக்கிற தேவாரம் பக்கம் போய், இன்னும் மலையேறாமல் இருந்த சுருளியாண்டியின் காதில் விழ இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அவன் வந்தது ஒரு முற்பகல். மலைக்காட்டு ஆட்களுக்கே உரிய வெளிறிய நிறம், சவரம் செய்யாத முகம். வெளிவாசலில் நின்றுகொண்டு சீனிச்சாமியிடம் சத்தம் போடாமல்தான் பேசினான்.

“ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன். மலைக்குப் போறவுக மத்தியானம் சின்னமனூர்ல கூடுவாக. அவுகளோட ஏறிருவேன். இனிமே கீழ எறங்குறதா இல்ல.”

சீனிச்சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பைத் தடவி வெற்றிலைக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். மொக்கம்மாளைத் தனியே கூப்பிட்டு, “இவன் வைய வந்திருக்கான். அவ இருக்கிற இருப்புல ஒரு வார்த்த தாங்குவாளா? அனுப்பிச்சிரவா?” என்று கேட்டார்.

மொக்கம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஒருத்தனும் எட்டிப் பார்க்காமல் மதுரைக்குப் போய்விட்டால் அவள் யாருக்காகக் கஞ்சி குடிப்பாள்? “வரட்டும் ஏட்டையா. வையிறதா இருந்தாலும் அவ புருசந்தேன வையிறான்” என்றாள்.

சுருளியாண்டி கம்பிக்கு வெளியே வந்து நின்றான். ஊரில் சொன்னது அத்தனையும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சிவப்பு ரவிக்கை. காலையில் வைத்த பூ இரண்டு மூன்று கழுத்தோரம் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அறை முழுக்க மல்லிகை வாசம்.

“நல்லாத்தேன் இருக்க” என்றான்.

முத்துப்பேச்சி அவனைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை நாளில் யாரும் தூக்கிவிடாமல் அவள் எழுந்தது அப்போதுதான். மொக்கம்மாள் கூடவே எழுந்து, விழுந்தால் பிடித்துக்கொள்ள ஓரடி பின்னால் நின்றாள். கம்பிக்கு வந்து சேர்ந்தவள் அவன் முகத்தை விட்டுவிட்டு அவன் கையையே பார்த்தபடி கேட்டாள்.

“பால் ஊத்துனீகளா?”

அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“குழிக்குப் பால் ஊத்துனீகளா?”

“யாரு ஊத்த?” என்றான். “பெத்தவ இங்கன சிங்காரிச்சுக்கிட்டு இருக்கா. யாரு ஊத்துவா?”

மொக்கம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் செத்தால் பசும்பாலோ எருமைப்பாலோ ஊற்றலாம். முலை மறக்காத பிள்ளை செத்தால் அவர்கள் ஜனத்தில் பெற்றவள்தான் போய்க் குழிமேட்டில் பாலைப் பீய்ச்சிவிட்டு வர வேண்டும். வேறு பால் அந்தப் பிள்ளைக்குச் சேராது. பசியோடேயே போய்விடும். மொக்கம்மாளும் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவள்தானே, அவளுக்கு இது தெரியாததல்ல. வேலைக்கு வந்த இடத்தில், காய்ச்சலும் கயிறும் டாக்டரும் ஏட்டுமாக, அது அவள் நினைப்பிலேயே வரவில்லை. வற்ற விடாதீர்கள் என்று அவள் சொன்னாளே. வாய் விட்டுச் சொன்ன ஒரே வார்த்தை அது. கையைப் பிடித்து அமுக்கியல்லவா கொக்கி மாட்டினேன் என்று மொக்கம்மாள் தன்னையே நொந்துகொண்டாள்.

அந்த வேதனையெல்லாம் கோபமாகச் சுருளியாண்டி மேல் பாய்ந்தது. முத்துப்பேச்சியின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே கையை விட்டுப் பூவை அள்ளிக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். பழுப்பேறி, நசுங்கி, பிசுபிசுத்த பூ.

“கைய நீட்டுடா. இதுதேன் சிங்காரம். பால் கட்டி, காச்சல் கண்டு, சாகக் கெடந்தா. பிள்ள இல்லாத பால் எங்கன போகும்? அத வத்த வைக்கத்தேன் பூவு. அதுக்குத்தேன் ரவிக்க. தலையில வச்சுருக்காளா பாரு.”

அவன் அவள் தலையைப் பார்த்தான். எண்ணெய் காணாத, நாடா இல்லாத, சிக்கு விழுந்த தலை. கையில் விழுந்த பூவை எறியவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றான்.

“வத்த வச்சுட்டாக” என்றாள் முத்துப்பேச்சி அவனிடம். புகார் சொல்லும் குரல் இல்லை அது. தோட்டத்தில் கிணறு வற்றிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். “எடதுல கொஞ்சம் கெடக்கும். ஏட்டையா, என்னைய அங்கன வரைக்கும் கூட்டிப் போங்க. வெலங்கு மாட்டியே கூட்டிப் போங்க. ஊத்திட்டு வந்துர்றேன்.”

சீனிச்சாமி தலையை ஆட்டினார். “அது என் கையில இல்லத்தா. கோர்ட்டு உத்தரவு இல்லாம வாசல்படிய உன்னையத் தாண்ட வைக்க முடியாது.”

சீனிச்சாமி திரும்பித் தண்ணீர்ப்பானை இருக்கிற இடத்துக்குப் போனார். அங்கே தண்ணீர் மொள்ளுகிற சிரட்டை கிடந்தது. அதை எடுத்து விளிம்பில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் கூராகத்தான் இருந்தது, நரம்பை அறுக்கப் போதும். அவர் உட்கார்ந்து, ஏட்டு உடுப்போடு கல்தளத்தில் சிரட்டையின் வாயைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கர்ரு கர்ரு என்று சத்தம் கேட்டது. திருப்பித் திருப்பித் தேய்த்து, மறுபடி விரலை ஓட்டிப் பார்த்து, கழுவி, மொக்கம்மாளிடம் கொடுத்தார். “நாம அந்தப் பக்கம் திரும்பிக்கிருவோம்ப்பா” என்று சுருளியாண்டியின் தோளைத் தொட்டார்.

முத்துப்பேச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மொக்கம்மாள் சிரட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிதுக்கினால் ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினாள், காம்பு சிவந்ததுதான் மிச்சம். முத்துப்பேச்சியின் கண்ணில் ஒரு பதைப்பு வந்தது. கிணற்றடியிலிருந்து வந்த நாள் முதல் மொக்கம்மாள் அந்தக் கண்ணில் எதையும் கண்டதில்லை. “மெல்ல, ஆத்தா, மெல்ல” என்றாள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

மூலையில் பஞ்சம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து, மொக்கம்மாளின் பாயைத் தாண்டி வந்து, முத்துப்பேச்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாயிலிருந்து முலையை வெடுக்கென்று இழுத்தாள். பிள்ளை திகைத்துப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி வீறிட்டு அழுதது. பஞ்சம்மாள் அதைச் சமாதானப்படுத்தவில்லை. அதை முத்துப்பேச்சியின் முகத்துக்கு நேரே, கைக்கு எட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டாள்.

“அழுவட்டும்” என்றாள் பஞ்சம்மாள். “நீ பாரு. நல்லாப் பாரு.”

முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மெல்லிய நூலாக வந்தது. முத்துப்பேச்சியும் அழுதாள். பிள்ளையின் சத்தத்தில் அவள் சத்தம் வெளியே கேட்கவில்லை. சிரட்டையின் அடி மறைகிற அளவுக்கு வந்து நின்றுவிட்டது. பஞ்சம்மாள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். மூலைக்குத் திரும்பிப் போகவில்லை.

சிரட்டையைக் கம்பி வழியாகக் கொடுக்க முடியவில்லை. சாய்த்தால்தான் நுழையும், சாய்த்தால் சிந்திவிடும். சீனிச்சாமி அதைப் பார்த்தார். வெளிவாசலைப் பார்த்தார். கூட இருந்த காவல்காரன் சாப்பிடப் போயிருந்தான். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். திறந்த கதவில் முத்துப்பேச்சி சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு விரல்கூட அவள் வரவில்லை. கைகள் மட்டும் நீண்டன.

சுருளியாண்டி வாங்குவதற்கு நேரமாயிற்று. பழுப்புப் பூ இன்னும் அவன் கையில் இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான்.

“தலமாட்டுல ஊத்துங்க” என்றாள்.

அவன் திரும்பி நடந்தான். மொக்கம்மாளும் வெளியே வந்ததும் சீனிச்சாமி கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். முத்துப்பேச்சி கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. மொக்கம்மாள் வெளிவாசலுக்குப் போய் நின்றாள். அங்கிருந்து கச்சேரித் தெரு தெரியும். தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால் பாலம், பாலம் தாண்டினால் ரோடு இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் தேவாரம், பிள்ளையைப் புதைத்த புஞ்சை. வலதுபக்கம் சின்னமனூர், அங்கிருந்து மலை.

“எங்கன போறாக?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தெருவுல போறான்” என்று மொக்கம்மாள் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். “மெல்லத்தேன் போறான்.”

சீனிச்சாமியும் சாவிக்கொத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

“இப்ப?”

“பாலத்துல ஏறிட்டான். ரெண்டு கையாலயும் பிடிச்சுருக்கான்.”

பாலத்தைத் தாண்டி, ரோடு பிரிகிற இடத்தில் சுருளியாண்டி நின்றுவிட்டான். உச்சி வெயில். சின்னமனூர்ப் பக்கமிருந்து பார வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவன் ரோட்டோரம் ஒதுங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, தலைத்துண்டை ஒரு கையால் உருவிச் சிரட்டையின் மேல் போட்டு மூடினான். புழுதி வந்து அவனை மறைத்தது.

“இப்ப எங்கன? ஆத்தா, இப்ப எங்கிட்டுப் போறாக?”

மொக்கம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். வண்டி போய்விட்டது. புழுதி அடங்க நேரமாகும் போலிருந்தது. அதற்குள்ளே அவன் உருவம் மட்டும் தெரிந்தது, வெறுந்தலையோடு, துண்டு போர்த்திய சிரட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

“நிக்கிறான்த்தா” என்றாள். “சிந்தாம நிக்கிறான்.”